பிரேசில் அங்கோலாவை ஆண்டிருந்தால்? மாற்று வரலாறு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்றுவரை இன்னொருவருக்குக் கீழே கிடந்த ஒரு நாடு, விடுதலை பெற்ற கையோடு கடல் தாண்டிப் போய்த் தனக்கென ஒரு பேரரசை அமைத்தால் என்ன ஆகும்? மாற்று வரலாறு எழுதுகிறவர்களை இந்தக் கேள்வி விடாமல் இழுக்கிறது. ஆனால் பலரும் முதலில் வரைபடத்தை எடுத்து, கடலின் அந்தப் பக்கம் இரண்டு மூன்று நாடுகளுக்கு ஒரே வண்ணம் பூசிவிட்டு, அப்புறம்தான் காரணம் தேடுகிறார்கள். காரணம் முதலில் வர வேண்டும், வண்ணம் கடைசியில்.

இந்த வழிகாட்டி ஒரே உதாரணத்தை வைத்து நகரும். 1822இல் போர்ச்சுகலிடமிருந்து பிரிந்த பிரேசில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் போர்ச்சுகல் வைத்திருந்த அங்கோலாவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தால்? இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, இது நடப்பதற்கு மிக அருகில் வந்த விஷயம். இரண்டு, இந்தக் கதையைக் கூச்சமில்லாமல் வெற்றிக்கதையாக எழுதவே முடியாது. பிரேசிலையும் அங்கோலாவையும் கட்டி வைத்த கயிறு அடிமை வணிகம். அதை மறைத்துவிட்டு எழுதினால் எழுதியது முழுக்கப் பொய்யாகிவிடும்.

முதல் படி: நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

நிஜ வரலாற்றிலேயே இப்படிப்பட்ட நாடுகள் உண்டு. சிலி 1888இல் ராப்பா நூயி தீவை, அதாவது ஈஸ்டர் தீவை, எடுத்துக்கொண்டது, இன்றும் வைத்திருக்கிறது. அமெரிக்கா 1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்து பிலிப்பைன்ஸ், குவாம், போர்ட்டோ ரிக்கோ மூன்றையும் வாங்கியது. ஆஸ்திரேலியா 1906இல் பப்புவாவின் நிர்வாகத்தை ஏற்றது. பப்புவா நியூ கினி 1975இல்தான் விடுதலை பெற்றது. நியூசிலாந்துப் படை 1914இல் ஜெர்மன் சமோவாவில் இறங்கியது.

இவற்றைப் படித்துப் பார்த்தால், உங்கள் நாட்டைச் சோதிக்க மூன்று கேள்விகள் கிடைக்கும். கடலில் ஓட அதற்குச் சொந்தக் கப்பலும் மாலுமிகளும் உண்டா? கடலின் அந்தப் பக்கம் பணம் போட்டு வைத்திருக்கும் வணிகர்கள் உண்டா? பழைய எஜமான் தளர்ந்து கிடக்கும் நேரம் ஒன்று உண்டா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் எழுத உட்காருங்கள். 1820களின் பிரேசிலுக்கு மூன்றும் ஆமாம்.

இரண்டாம் படி: பூட்டிய கதவைத் தேடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். மாற்று வரலாற்றுக்கு நல்ல தொடக்கம் வேண்டுமென்றால் ஒப்பந்தங்களைப் படியுங்கள். ஒரு ஒப்பந்தம் எதைச் செய்யக்கூடாது என்று குறிப்பாகத் தடுக்கிறதோ, அதைச் செய்ய யாரோ தயாராக இருந்திருக்கிறார்கள். கதவே இல்லாத சுவருக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை.

பிரேசிலின் விடுதலையைப் போர்ச்சுகல் ஏற்றுக்கொண்டது 1825 ஆகஸ்ட் 29 அன்று ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில். நடுவர் வேலை பார்த்தவர் பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் ஸ்டூவர்ட். பிரேசில் 20 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவில், போர்ச்சுகலின் எந்தக் குடியேற்றப் பகுதி பிரேசிலோடு இணைய முன்வந்தாலும் ஏற்கமாட்டேன் என்று பேரரசர் டோம் பெட்ரோ வாக்குக் கொடுத்தார்.

இப்படி ஒரு வரி ஏன் தேவைப்பட்டது? அங்கோலாவின் தெற்குத் துறைமுகமான பெங்கேலாவில் 1822-23 வாக்கில் பிரேசிலோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் வெளிப்படையாகவே பேசியது. அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவிலும் பிரேசில் பக்கம் சாய்ந்தவர்கள் இருந்தார்கள். ஆசை புதிதாக முளைத்ததும் அல்ல. 1641இல் டச்சுக்காரர்கள் லுவாண்டாவைப் பிடித்தபோது, அதை மீட்டது போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனிலிருந்து வந்த படை அல்ல. 1648இல் சல்வடோர் கொரெயா டி சா ரியோவிலிருந்து கப்பல்களோடு கிளம்பிப் போய் ஆகஸ்டில் மீட்டார். செலவில் பெரும்பங்கை ரியோ மக்களே ஏற்றார்கள், ஏனென்றால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வருவது நின்றுபோயிருந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் அங்கோலாவின் ஆளுநர்களாக வந்த ஜோவாவ் பெர்னாண்டஸ் வியெய்ராவும் ஆந்த்ரே விடால் டி நெக்ரெய்ரோசும் பிரேசிலில் டச்சுக்காரர்களோடு போரிட்டுப் பெயர் பெற்றவர்கள். இன்னொரு முன்மாதிரியும் இருக்கிறது. 1809இல் பிரேசிலின் பாரா பகுதியிலிருந்து போன படை, பிரிட்டிஷ் கப்பல் ஒன்றின் உதவியோடு பிரெஞ்சு கயானாவின் கயென்னைப் பிடித்தது. 1817வரை அது ரியோவின் கையில் இருந்தது.

பின்னணியையும் நினைவில் வையுங்கள். நெப்போலியன் படைக்கு அஞ்சி போர்ச்சுகல் அரசவை 1807 நவம்பரில் கப்பலேறியது, 1808இல் ரியோவில் குடியேறியது. 1815இல் பிரேசில் தனி ராஜ்யம் என்ற தகுதி பெற்றது. 1821இல் போர்ச்சுகல் அரசர் ஆறாம் ஜோவாவ் லிஸ்பன் திரும்பும்வரை, அங்கோலாவுக்கு உத்தரவு போனது ரியோவிலிருந்துதான். பதின்மூன்று ஆண்டுகள் ரியோவே தலைநகர். அந்தப் பழக்கம் ஒரு கையெழுத்தில் போய்விடுமா?

மூன்றாம் படி: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

பிரியும் இடம் சிறியதாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் நிஜமாகவே இருக்க வேண்டும். டோம் பெட்ரோவைத் திடீரென்று மேதையாக்குவது, பிரேசிலுக்கு எங்கிருந்தோ நூறு போர்க்கப்பல் தருவது எல்லாம் ஏமாற்று வேலை.

எனக்குத் தெரிந்து மூன்று இடங்கள் பொருந்துகின்றன. முதலாவது, 1821இல் ஜோவாவ் லிஸ்பன் திரும்பாமல் இருப்பது. இது பெரிய மாற்றம். பிரேசிலின் விடுதலையே வேறு மாதிரி ஆகிவிடும், அதனால் நம் கேள்விக்கு உதவாது. இரண்டாவது, 1825 ஒப்பந்தத்தில் மூன்றாவது பிரிவு இடம்பெறாமல் போவது. சுத்தமான யோசனைதான். ஆனால் அதற்குள் பெங்கேலாவின் ஆர்வம் ஆறிவிட்டது. தடை இல்லாவிட்டாலும் கேட்க ஆள் வேண்டுமே.

மூன்றாவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 1823இல் பிரேசில் தன் கடற்படைக்கு ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் காக்ரனைத் தலைவராக அமர்த்தியது. ஜூலை 2 அன்று போர்ச்சுகல் படை பிரேசிலின் பாஹியா மாகாணத்தைக் காலி செய்து கப்பலேறியது. பிரேசிலியப் போர்க்கப்பல் நிதெரோய், கேப்டன் ஜான் டெய்லரின் கீழ், அந்தக் கப்பல்களை லிஸ்பனின் தேஜோ ஆற்று முகத்துவாரம்வரை துரத்திக்கொண்டே போனது. அட்லாண்டிக்கைக் குறுக்காக வெட்டிப் போய்வரும் தெம்பு அந்தக் கப்பலுக்கு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நிதெரோய் திரும்பி வந்ததும், அல்லது வேறொரு கப்பல் அதே பருவத்தில், பெங்கேலாவுக்கு அனுப்பப்பட்டிருந்தால்? ஊரில் ஏற்கெனவே ஆதரவு உண்டு, காவல் படை மிகச் சிறியது. கொடி மாற ஒரு கப்பலும் ஒரு கடிதமும் போதும்.

நான்காம் படி: காற்றையும் சரக்கையும் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். தென் அட்லாண்டிக்கில் காற்றும் நீரோட்டமும் பெரிய வட்டமாகச் சுழல்கின்றன. அங்கோலாவிலிருந்து கிளம்பும் பாய்மரக் கப்பலைத் தென்கிழக்குக் காற்று நேராகப் பிரேசில் கரைக்குத் தள்ளிவிடும். ரியோவிலிருந்து போகும் கப்பல் தெற்கே இறங்கி, மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, பெங்கேலா நீரோட்டத்தோடு வடக்கே ஏறும். பயணம் சில வாரங்களில் முடிந்துவிடும். லிஸ்பனிலிருந்து லுவாண்டாவுக்குப் போவது இதைவிட நீண்ட பயணம். பல நேரம் பிரேசில் கரைப் பக்கம் வளைந்துதான் போக வேண்டும். ஆக, அங்கோலாவின் பக்கத்து வீடு ரியோ. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கதையில் கடிதம் எப்போது போய்ச் சேரும், உதவிப் படை எப்போது வரும், வதந்தி எதை முந்தும் என்பதெல்லாம் தானாகவே அமைந்துவிடும்.

சரக்கு விஷயமும் அப்படித்தான். பள்ளிப் பாடத்தில் அடிமை வணிகத்தை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று முக்கோணமாக வரைவார்கள். தெற்கு அட்லாண்டிக்கில் அது பெரும்பாலும் நேர்கோடு. பிரேசிலிலிருந்து கரும்புச் சாராயமான கஷாசா, புகையிலை, மரவள்ளி மாவு போகும். அங்கிருந்து மனிதர்கள் வருவார்கள். நம் ஊர்ச் சந்தையில் குவிந்து கிடக்கும் அதே மரவள்ளிதான் அடிமைக் கப்பல்களில் சிறைப்பட்டவர்களுக்கு உணவாகப் போனது.

எண்களைத் தவிர்க்காதீர்கள். பிரேசிலில் உயிரோடு இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 48 லட்சம் பேர். லுவாண்டாவிலிருந்து மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். வேறெந்த ஆப்பிரிக்கத் துறைமுகத்திலிருந்தும் இத்தனை பேர் போனதில்லை. பெங்கேலாவிலிருந்து இன்னும் பல லட்சம். ரியோவில் இவர்கள் இறங்கிய வலோங்கோ துறை 1811இல் கட்டப்பட்டது. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கற்பனைப் பேரரசின் கஜானா இந்தத் துறையின் கற்கள் மேல்தான் நிற்கும். பெங்கேலா வணிகர்கள் பிரேசிலோடு சேர விரும்பியது பிரேசிலியச் சுதந்திரத்தின் மேல் இருந்த காதலால் அல்ல. சந்தை ரியோவில் இருந்தது, கடன் கொடுத்தவனும் ரியோவில் இருந்தான்.

சட்டமும் இங்கே வேலை செய்கிறது. 1815இல் பிரிட்டனும் போர்ச்சுகலும் செய்த உடன்பாட்டில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டது. தெற்கே போர்ச்சுகல் தன் சொந்தப் பகுதிகளுக்குள் மட்டும் நடத்தலாம். பிரேசில் அந்நிய நாடாகிவிட்டால் லுவாண்டாவிலிருந்து ரியோவுக்குப் போகும் கப்பல் சொந்தப் பகுதிக்குப் போகிறதா, வெளிநாட்டுக்கா? அந்த வணிகர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான். ஒரே கொடியின் கீழ் இரண்டு கரையும் வந்துவிட்டால் கேள்வியே எழாது. மூன்றாவது பிரிவின் மேல் பிரிட்டன் அக்கறை காட்டியதற்கும் இதே காரணம் பொருந்துகிறது.

ஐந்தாம் படி: எதிராளிக்கு அவருடைய நியாயத்தைக் கொடுங்கள்

இந்தக் கதையில் பிரேசிலின் எதிராளி போர்ச்சுகல் அல்ல, பிரிட்டன். 1822 முதல் 1827வரை பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் கானிங்குக்குப் பிரேசில் தேவை. 1810 ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் சரக்குக்கு 15 சதவீத வரிதான். அந்தச் சந்தையை இழக்க அவர் விரும்ப மாட்டார். ஆனால் அடிமை வணிகத்தை நிறுத்த வேண்டும் என்ற நெருக்கடியும் அவருக்குத் தன் நாட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து அவர் கேட்ட விலை 1826 நவம்பர் 23 ஒப்பந்தம்: அது உறுதியான மூன்று ஆண்டுகளில், அதாவது 1830 மார்ச்சிலிருந்து, பிரேசிலியர்கள் நடத்தும் அடிமை வணிகம் கடற்கொள்ளையாகக் கருதப்படும்.

பெங்கேலா பிரேசிலின் கையில் இருந்தால் கானிங் என்ன செய்வார்? அங்கீகாரத்தையே நிறுத்தி வைப்பார் என்று எழுதலாம். எனக்கு அதைவிட நம்பத்தகுந்ததாகப் படுவது, அங்கீகாரம் கொடுத்துவிட்டு விலையை ஏற்றுவது. மூன்று ஆண்டு அவகாசம் ஒரு ஆண்டாகும், பெங்கேலா துறைமுகத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் உட்காருவார். அப்புறம் பிரிட்டிஷ் கடற்படையை மறக்காதீர்கள். 1840இல் கேப்டன் ஜோசப் டென்மன் மேற்கு ஆப்பிரிக்காவின் கல்லினாஸ் பகுதியில் இறங்கி, அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடிகளை எரித்தார். 1845இல் பிரேசிலிய அடிமைக் கப்பல்களைப் பிடிக்கப் பிரிட்டிஷ் கடற்படைக்கு அதிகாரம் கொடுத்த அபர்டீன் சட்டம் வந்தது, 1850இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கார்மரண்ட் பிரேசிலின் பரனகுவா துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. பிரேசிலின் வாசலுக்கே வந்தவர்கள் பெங்கேலாவுக்கு அதற்கும் முன்பே வந்திருப்பார்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குள் இருக்கும் சண்டையை மறக்காதீர்கள்

பேரரசு அமைக்கும் நாட்டை ஒரே மனம் கொண்ட ஆளாக எழுதுவது இந்த வகையில் அதிகம் தென்படும் குறை. விடுதலைக் காலத்தில் பிரேசிலின் முதன்மை அமைச்சராக இருந்த ஜோசே போனிபாசியோ அடிமை முறையையே படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 1823இல் எழுதியவர். அதே ஆண்டு ஜூலையில் பதவி போனது, நவம்பரில் பேரவை கலைக்கப்பட்டபின் நாடு கடத்தப்பட்டார். பெங்கேலாவுக்குக் கப்பல் அனுப்பலாமா என்று அமைச்சரவையில் பேச்சு எழுந்தால் அவர் சும்மா இருப்பாரா? என்னைக் கேட்டால் உங்கள் கதையின் முதல் பெரிய காட்சி அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு 1824இல் பெர்னாம்புகோவில் கிளர்ச்சி. அதன் குரலாக இருந்த துறவி பிரெய் கனேகா 1825 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1825 முதல் 1828வரை தெற்கே போர், முடிவில் உருகுவே தனி நாடானது. 1829இல் பிரேசில் வங்கி மூடப்பட்டது. 1831இல் டோம் பெட்ரோ முடி துறந்தார். பின் வந்த ஆண்டுகளில் பாராவிலும் தெற்கே ரியோ கிராண்டியிலும் பெரும் கிளர்ச்சிகள். 1835 ஜனவரியில் சால்வடோர் நகரில் முஸ்லிம் ஆப்பிரிக்கர்கள் நடத்திய மாலே எழுச்சி. சொந்த மாகாணங்களையே இழுத்துப் பிடிக்க முடியாத அரசு கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தை எப்படி வைத்திருக்கும்? இதற்குப் பதில் சொல்லாமல் 1840க்குத் தாவாதீர்கள். ஒரு பதில்: அரசு வைத்திருக்கவில்லை, வணிகர்களே தங்கள் பணத்தில் காவல் படை வைத்துக்கொண்டார்கள்.

ஏழாம் படி: ஆளப்படுகிறவர்களை முதலில் எழுதுங்கள்

வரிசையில் ஏழாவதாக இருந்தாலும் எழுதும்போது இதை முதலில் செய்யுங்கள். 1820களில் ‘போர்ச்சுகீசிய அங்கோலா’ என்பது லுவாண்டா, பெங்கேலா, மசங்கானோ, அம்பாகா, ககோண்டா மாதிரி சில கோட்டை ஊர்கள். உள்நாடு வேறு ஆட்களின் கையில். குவாங்கோ ஆற்றுப் பக்கம் கசாஞ்சே அரசு, கிழக்கே லுண்டா என்ற உள்நாட்டு அரசிலிருந்து வரும் வணிகத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. பெங்கேலாவுக்குப் பின்னால் மேட்டு நிலத்தில் பைலுண்டு, பியே போன்ற ஓவிம்புண்டு அரசுகள். பெட்ரோ ஜோவாவ் பாப்டிஸ்டா, அமாரோ ஜோசே என்ற இரு ஆப்பிரிக்க வணிக முகவர்கள் கசாஞ்சேவிலிருந்து கிழக்கே நடந்து 1811இல் மொசாம்பிக் பக்கத் தெத்தேவை அடைந்தார்கள். வழியில் கசெம்பே அரசில் ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். உள்நாட்டில் யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

பியே அரசருக்கு லிஸ்பன் கொடியும் ரியோ கொடியும் ஒன்றுதான். அவர் கேட்பது துப்பாக்கி, துணி, சாராயம், நல்ல விலை. பிரேசில் கொடி வந்ததும் பிரிட்டிஷ் முற்றுகையும் வந்தால் விலை சரியும். அப்போது அவர் லுவாண்டாவில் எஞ்சியிருக்கும் போர்ச்சுகீசியர் பக்கம் திரும்புவாரா? தந்தம், தேன்மெழுகு வணிகத்துக்கு மாறுவாரா? பிடிபட்டுக் கரைக்கு நடத்திவரப்படும் பெண் ஒருத்தியின் கண்ணில் இந்தக் கொடி மாற்றம் எப்படித் தெரியும்? அவளுக்கு ஒரு அத்தியாயம் முழுதாகக் கொடுங்கள்.

எதிர்த்திசையில் போனவர்களையும் தேடுங்கள். மாலே எழுச்சிக்குப் பிறகு பிரேசிலிலிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் லாகோஸ், உய்தா நகரங்களுக்குத் திரும்பிப் போய் அங்கே தங்கள் குடியிருப்புகளை அமைத்தார்கள். 1849இல் பெர்னாம்புகோவில் இருந்த போர்ச்சுகீசியக் குடும்பங்கள் அங்குள்ள கலவரத்துக்குப் பயந்து அங்கோலாவின் மொசாமெதெசில் போய்க் குடியேறின. பிரேசிலில் அடிமை இறக்குமதியை நிறுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெயர் தந்த அமைச்சர் எவுசேபியோ டி கெய்ரோஸ் பிறந்ததே லுவாண்டாவில்தான், 1812இல். இப்படி ஒரு மனிதரை நீங்கள் கற்பனையில் படைத்திருந்தால் வாசகர் நம்பமாட்டார்.

எட்டாம் படி: காலவரிசையைப் போடுங்கள்

இப்போதுதான் ஆண்டுகளை எழுத வேண்டும். என் வரைவு இப்படிப் போகும். 1823 இறுதியில் பெங்கேலாவில் கொடி மாறுகிறது. 1825 ஒப்பந்தத்தில் மூன்றாவது பிரிவு திருத்தப்படுகிறது: லுவாண்டா போர்ச்சுகலுக்கு, பெங்கேலா பிரேசிலுக்கு, ஈட்டுத்தொகை 20 லட்சம் பவுண்டைத் தாண்டுகிறது. அதைக் கட்ட லண்டனில் மேலும் கடன். பெங்கேலாவுக்கு ‘மாகாணம்’ என்று பெயர். ரியோ பேரவையில் அதற்கு இடமும் உண்டு, அங்கே உட்காருவது அடிமை வணிகர்கள். 1830க்குப் பிறகு எல்லாம் கள்ளக்கடத்தல். நிஜத்திலேயே அடிமை இறக்குமதியைத் தடுத்த பிரேசிலின் 1831 சட்டத்தை மீறி 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சொந்தத் துறைமுகம் இருந்தால் இந்த எண் கூடுமா, பிரிட்டன் விரைவாகக் கை வைப்பதால் குறையுமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு உண்மையாக இருங்கள். நான் இரண்டாவதை எடுப்பேன்: 1840களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் முற்றுகை, பேரவையில் பெங்கேலாவைக் கைகழுவச் சொல்லும் குரல்கள், கடைசியில் அடிமை வணிகம் நின்றபிறகும் ஒரு கோட்டையும் சுங்கச் சாவடியும் மட்டும் பிரேசிலிடம் மிஞ்சுவது.

அங்கிருந்து கதை வேறு பேரரசாக மாறுகிறது. ஆப்பிரிக்காவில் உரிமை கோரும் விதிகளை ஐரோப்பிய நாடுகள் பேசி முடித்த 1884-85 பெர்லின் மாநாட்டில் நிஜத்தில் பிரேசிலுக்கு நாற்காலி இல்லை. உங்கள் கதையில் உண்டு, மேட்டு நிலத்து அரசுகள்மேல் உரிமை கோரும் நாடாக. 1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை ஒழிகிறது. அந்தச் சட்டம் பெங்கேலாவிலும் செல்லுமா என்பதே பெரிய வழக்காகலாம். அடுத்த ஆண்டு பிரேசில் குடியரசாகிறது. மாகாணங்களை மாநிலங்களாக்கும் அந்தக் குடியரசு பெங்கேலாவை என்ன செய்யும்?

ஒன்பதாம் படி: எழுதும் வடிவம்

நேராகச் சொல்லும் நடை சீக்கிரம் அலுத்துவிடும். கப்பல் குறிப்பேடு, சுங்கப் பதிவு, பேரவை விவாதம், விடுதலைப் பத்திரம் ஆகியவற்றைக் கலந்து எழுதுங்கள். நிஜ மனிதர்கள் வாயில் நீங்கள் வைக்கும் பேச்சு கற்பனை என்பது வாசகருக்கு ஐயமின்றித் தெரிய வேண்டும். முன்னுரையில் பிரியும் தேதியைப் போட்டுவிடுங்கள், அதற்கு முந்தையது நிஜம், பிந்தையது உங்களுடையது. வரைபடத்தை இப்போது வரையலாம். கரையோரம் மெல்லிய கோடு மட்டும் பிரேசிலின் வண்ணத்தில் இருக்கட்டும், உள்ளே கசாஞ்சேவும் பியேவும் தங்கள் பெயரோடு இருக்கட்டும்.

முடிவை எங்கே வைப்பது என்று குழம்பினால் 1975ஐப் பாருங்கள். அந்த நவம்பர் 11 அன்று அங்கோலா விடுதலை பெற்றபோது, லுவாண்டாவில் எம்பிஎல்ஏ என்ற விடுதலை இயக்கம் அமைத்த அரசை முதலில் அங்கீகரித்த நாடு பிரேசில், அதுவும் ராணுவ ஆட்சியில் இருந்த பிரேசில். உங்கள் காலவரிசையில் அதே தேதிக்கு முன்னும் பின்னும் பெங்கேலாக்காரர்கள் யாரிடமிருந்து விடுதலை கேட்பார்கள், அந்தக் கோரிக்கையை ரியோவின் கறுப்பின மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை எழுதுங்கள்.